காது யாருடையது? – மாலை வகுப்புகளும் 'பிறவிச் செவி'யும்

'உனக்குக் காது கிடையாதுப்பா, விட்டுடு.' சுருதி விலகிப் பாடுகிற வயதுவந்த ஒருவருக்கு நம்மிடையே வழக்கமாகக் கிடைக்கிற தீர்ப்பு இது. சொல்கிறவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் காது பிறவியிலேயே வருவது, சின்ன வயசில் பிடிபடாதது பிற்பாடு பிடிபடாது என்கிற அனுமானங்கள் அந்த வாக்கியத்துக்குள் பதுங்கியிருக்கின்றன. அதற்குத் துணையாக இன்னொரு வாக்கியமும் நிற்கிறது: 'அவங்களுக்கு ரத்தத்திலேயே இருக்கு.' சாதியைப் பெயர் சொல்லாமலே சாதியைப் பேசுவதற்கு நம் சங்கீத உலகம் வைத்திருக்கும் சௌகரியமான சொற்றொடர் அது. கேள்வி ஞானம் என்ற அழகான சொல் நம்மிடம் உண்டு. எங்கே உட்கார்ந்து கேட்பது, யார் வீட்டுத் திண்ணை வரை போய்க் கேட்பது என்ற கேள்வியை மட்டும் அந்தச் சொல் கேட்பதில்லை.

வயதுவந்தவர் காதால் சுருதியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதை ஓர் உளவியல் கேள்வியாக மட்டுமே இன்று விவாதிக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பட்டவர்த்தனமான அரசியல் கேள்வியாக இருந்தது. நெசவாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் வேலை முடிந்த மாலைகளில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் எப்படி மறக்கப்பட்டது, அதன் இடத்தில் 'பிறவிச் செவி' எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். சுருதியை அடையாளம் காண்பது என்பது ஒரே காரியமல்ல. எங்கோ ஒலிக்கிற மணியைக் கேட்டு 'இது இன்ன சுரம்' என்று எந்த ஆதாரமும் இல்லாமல் சொல்வது ஒன்று. மேற்கே அதை 'அப்ஸல்யூட் பிட்ச்' என்பார்கள். 'சார்பற்ற சுருதியறிவு' என்று வைத்துக்கொள்வோம். ஆதார ஒலி ஒன்றைக் கொடுத்தபின் அதிலிருந்து எட்டி நிற்கும் தூரத்தைக் கொண்டு சுரத்தைச் சொல்வது இன்னொன்று. இது 'சார்புச் சுருதியறிவு'. நம் இசை முழுக்க இரண்டாவதின் மேல் நிற்கிறது. ஆண் பாடகர் ஒரு கட்டையில் 'ஸ' என்கிறார், பெண் பாடகர் ஐந்தரைக் கட்டையில் 'ஸ' என்கிறார். இரண்டும் 'ஸ' தான். கட்டை என்பதே ஆர்மோனியத்தின் மரக்கட்டையிலிருந்து வந்த அளவு. ஆர்மோனியத்தை ஏளனம் செய்கிற வித்வான்கள்கூடத் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது. போகட்டும்.

சசூரைப் படித்தவர்களுக்கு இந்த விஷயம் புதிதாக இருக்காது. ஒரு குறிக்குத் தன்னளவில் மதிப்பில்லை, மற்றக் குறிகளிலிருந்து அது கொள்ளும் வேறுபாடே அதன் மதிப்பு என்றார் அவர். 'ரி' என்பது ஓர் ஒலியல்ல, ஓர் இடம். இந்த இடத்தைக் காதுக்குக் கற்பிப்பதா, ஒலியைக் கற்பிப்பதா என்பதில்தான் இங்கிலாந்தில் சண்டை வந்தது.

*

கதையின் முதல் கண்ணி எழும்பூரில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கு இங்குள்ள பெண்களிடம் பிறந்த ஆண்பிள்ளைகளுக்காகச் சென்னையில் நடந்த அநாதை விடுதிக்கு 1789இல் மேற்பார்வையாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரி. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். அதைத் தன் விடுதிக்குள் கொண்டுவந்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து ஒரு முறையாக்கி, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயராயிற்று. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது. ஜோசப் லங்காஸ்டர் இதே போன்ற ஒன்றை லண்டனின் ஏழைப் பிள்ளைகளிடம் நடத்தினார். நெப்போலியன் வீழ்ந்த பிறகு இந்த முறை பிரான்ஸுக்குப் போயிற்று. ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், சைகைகளால் இயங்கும் வரிசைகள். உடல்களை ஒழுங்குபடுத்தும் எந்திரமாக ஃபூக்கோ எடுத்துக்காட்டும் பள்ளிக்கூடம் இதுதான்.

இந்தப் பள்ளிகளுக்குள் 1819இல் பாட்டைக் கொண்டுவந்தவர் கியோம் வில்ஹெம். சுவரில் பெரிய அட்டைகள். அவற்றைச் சுற்றி அரைவட்டமாகப் பிள்ளைகள். ஒவ்வோர் அரைவட்டத்துக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. 1830களில் பாரிஸ் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்புகள் நடந்தன. அவற்றிலிருந்து 'ஆர்ஃபியோன்' என்ற பாடகர் குழு இயக்கம் கிளம்பிற்று. இதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆங்கிலேயர்கள் 1841 பிப்ரவரியில் லண்டன் எக்ஸிடர் ஹாலில் பள்ளி ஆசிரியர்களுக்கான பாட்டு வகுப்பைத் தொடங்கினார்கள். நடத்தியவர் ஜான் ஹல்லா. பின்னால் நின்றவர் அரசின் கல்விக் குழுச் செயலர் ஜேம்ஸ் கே. சார்ட்டிஸ்டுகள் வாக்குரிமை கேட்டுத் தெருவில் நின்ற வருஷங்கள் அவை. நல்ல பாட்டுகள் தொழிலாளியைச் சாராயக் கடையிலிருந்து பிரிக்கும், உழைப்பும் விசுவாசமும் உள்ள குடிகளை உண்டாக்கும் என்பது கேயின் எண்ணம். ஒளித்துவைத்த திட்டம் எதுவுமில்லை, வெளிப்படையாகவே எழுதினார்.

ஹல்லாவின் வகுப்பு தடுக்கி விழுந்தது அரசியலில் அல்ல, 'டோ'வில். பிரெஞ்சு வழக்கப்படி அவருக்கு 'டோ' என்பது பியானோவின் ஒரு குறிப்பிட்ட கட்டை, எப்போதும் அது மட்டுமே. நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் பாடும்போது 'ஸ' என்று தொடங்கியவர் இரண்டு கட்டைக்கு மாறினால் 'ரி' என்று தொடங்க வேண்டும். அதே மெட்டு, ஆனால் சுரப் பெயர்கள் அத்தனையும் இடம் மாறிவிடும். போதாக்குறைக்கு ஒரே பெயர் சில சமயம் ஒரு தூரத்தையும் சில சமயம் வேறு தூரத்தையும் குறிக்கும். முதல் பாடங்கள் ஒரே சுருதியில் ஓடியவரை கூட்டம் உற்சாகமாகப் பாடியது. சுருதி மாறத் தொடங்கியதும் காதுக்குப் பிடிமானம் போய்விட்டது. சின்ன வயதிலேயே பியானோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாகத் தெரியவில்லை. கஷ்டப்பட்டவர்களுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கும் என்று யூகிக்கலாம்.

*

நாரிச் நகரத்தில் சாரா க்ளோவர் என்ற பாதிரியார் வீட்டுப் பெண் இதற்கெல்லாம் முன்பே வேறு விதமாக வேலை செய்துகொண்டிருந்தார். 1835இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கோயிலில் கூடுகிறவர்கள் எல்லாரும் சங்கீதங்களைப் பாட வேண்டும், அதற்கான பயிற்சி முறை என்பது அதன் சாரம். அவருடைய 'டோ' நகரும். பாட்டு எங்கே வீடு திரும்புகிறதோ அதுவே 'டோ'. ஏழு சுரங்களுக்கும் முதலெழுத்து வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதற்காக 'ஸீ'யை 'டீ' ஆக்கினார். அப்போதுதான் ஒற்றை எழுத்தால் சுரத்தை எழுதலாம், வரிகளும் புள்ளிகளும் வேண்டாம். சுரங்களை ஏணிபோல மேலிருந்து கீழாக ஒரு பலகையில் எழுதிவைத்தார்.

ஜான் கர்வென் இந்தப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது வயதுவந்த பிறகு, தேவையின் நெருக்கடியால். 1816இல் பிறந்தவர், காங்கிரிகேஷனல் சபைப் பாதிரி. 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிற்றுப் பள்ளி ஆசிரியர்கள் பாட்டுக் கற்பிக்கச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவருக்கே பாட்டு வராது. வழக்கமான முறையில் கற்க முயன்று தோற்றிருந்தார். க்ளோவரின் புத்தகம் அவருக்கு வழி திறந்தது. 1843இல் தன் முதல் பாடநூலை வெளியிட்டார். க்ளோவரின் முறையைக் கேளாமலே எடுத்து மாற்றினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. மாற்றங்களில் க்ளோவருக்கு உடன்பாடில்லை. ஆனால் உலகம் இன்று இதைக் 'கர்வென் முறை' என்றே அறிகிறது. பெண் கண்டுபிடிப்பதும் ஆண் பெயர்வைப்பதும் புதிதா என்ன? பெயராக நிலைத்தது 'டானிக் ஸால்ஃபா'.

இந்த முறையின் உள்வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வயதுவந்த காது எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றி இதில் ஒரு கோட்பாடே இருக்கிறது. க்ளோவரின் ஏணி கர்வெனிடம் 'மாடுலேட்டர்' என்ற சுவர்ப்படமாயிற்று. ஆசிரியர் ஒரு வரியைப் பாடிக்காட்டுவார். பிறகு வாயை மூடிக்கொள்வார். மாணவர்களோடு சேர்ந்து அவர் பாடக்கூடாது என்பது விதி. பாடினால் அவர்கள் அவரைத் தொற்றிக்கொள்வார்களே தவிரக் கேட்கமாட்டார்கள். பிறகு குச்சியால் ஏணியின் படிகளை மௌனமாகச் சுட்டுவார், வகுப்பு பாடும். பியானோ கிடையாது. ஆதாரத்துக்கு ஒரு சுருதிக் கவை மட்டும்.

அடுத்தது முக்கியமானது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு 'மன விளைவு' உண்டு என்றார் கர்வென். 'டோ' உறுதியாக நிற்பது, 'ரே' உசுப்புவது, 'மீ' சாந்தம், 'ஃபா' வெறிச்சோடி அச்சம் தருவது, 'ஸோ' பளிச்சென்றிருப்பது, 'லா' துக்கம், 'டீ' ஊசியாய்க் குத்தி மேலே இழுப்பது. 1870இல் இவற்றுக்குக் கைச்சைகைகள் வந்தன. 'டோ'வுக்கு மூடிய முஷ்டி, 'டீ'க்கு மேல்நோக்கிச் சுட்டும் விரல். நம் ராக–ரஸப் பேச்சை நினைவுபடுத்துகிறதல்லவா? ஒரு வித்தியாசம் உண்டு. ரஸம் பாட்டுக்குச் சொல்லப்படுவது. இங்கே அது அமைப்பில் ஓர் இடத்துக்குச் சொல்லப்படுகிறது. அதே ஒலி ஒரு பாட்டில் 'ஸோ'வாகப் பளிச்சென்றிருக்கும், சுருதி மாறியதும் 'டோ'வாகக் கால் ஊன்றி நிற்கும். தூரத்தை அளக்கச் சொன்னால் தடுமாறுகிற முப்பது வயதுக்காரர், 'இது இழுக்குதா, நிக்குதா?' என்று கேட்டால் சொல்லிவிடுகிறார். தன் வாழ்நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டு அவர் ஏற்கனவே சேர்த்துவைத்திருக்கிற அறிவுக்குப் பெயர் கொடுப்பதுதான் வகுப்பின் வேலை. காது புதிதாக உண்டாக்கப்படவில்லை. இருக்கிற காதுக்கு எழுத்தறிவு கொடுக்கப்பட்டது.

அதைச் சோதித்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். தேர்வில் பார்த்துப் பாடுவது ஒரு பகுதி, கேட்ட சுரத்தைப் பெயர் சொல்வது இன்னொரு பகுதி. 1853இல் சங்கம், 1869இல் கல்லூரி, இடையில் சொந்த அச்சகம். சாதாரண எழுத்துகளால் கோக்க முடிந்ததால் எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். ஹேண்டலின் கோரஸ்கள் சில பென்னிகளுக்குக் கிடைத்தன. 1891 வாக்கில் பிரிட்டனின் தொடக்கப் பள்ளிகளில் இருபத்தைந்து லட்சம் பிள்ளைகள் இம்முறையில் பயின்றதாகக் கணக்கு இருக்கிறது.

கர்வென் புரட்சிக்காரரல்ல. குடி ஒழிப்பும் ஞாயிற்றுப் பள்ளியும்தான் அவருடைய உலகம். மாலை வகுப்பில் பாடிக்கொண்டிருக்கிற தொழிலாளி வேலைநிறுத்தக் கூட்டத்தில் இருக்கமாட்டான் என்று கணக்குப் போட்ட முதலாளிகளும் காசு கொடுத்திருக்கிறார்கள். இதைக் காட்டி இந்த இயக்கம் முழுவதையும் 'மேலாண்மை'யின் இன்னொரு கருவி என்று ஒதுக்கிவிடுவது நம் பத்திரிகைகளில் பழகிப்போன வாசிப்பு. அது பாதிதான் சரி. எழுத்தறிவைக் கொடுப்பவன் அதைக்கொண்டு எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்க முடிவதில்லை. தெற்கு வேல்ஸ் நல்ல உதாரணம். இலியேசர் ராபர்ட்ஸ் 1860களின் தொடக்கத்தில் இம்முறையை வெல்ஷ் மொழிக்குக் கொண்டுபோனார். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் சிற்றாலயங்களில், பள்ளியில் தன் மொழி ஏளனம் செய்யப்பட்ட மக்களிடம் அது பரவிற்று. 1872இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டிக்கு 450க்கு மேற்பட்ட குரல்களோடு ஒரு குழு வந்தது. நடத்தியவர் கொல்லு வேலை பழகிய கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ். 'கரடாக்' என்றால்தான் வெல்ஷ்காரர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் எதிர்த்துப் பாட ஆளில்லை. 1873இல் எதிரே நின்றது லண்டன் டானிக் ஸால்ஃபா சங்கத்தின் குழுவேதான். வேல்ஸ் ஜெயித்தது.

மேட்டுக்குடி இசையுலகம் இதை எப்படி எடுத்துக்கொண்டது? 'இது எழுத்தே இல்லை, ஊன்றுகோல்' என்று சொன்னது. 1872இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் இசை ஆய்வாளராக அமர்த்தப்பட்டவர் யார் என்றால், அதே ஹல்லா. அசையும் 'டோ'வை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

*

இந்த இடத்தில் விஞ்ஞானிகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது சுவாரஸ்யமானது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1864இல் லண்டன் வந்தபோது ஸால்ஃபா வகுப்பொன்றில் சுமார் நாற்பது பிள்ளைகள் பாடுவதைக் கேட்டார். வாத்தியம் இல்லாமல் கற்றதால்தான் இவர்கள் சுத்தமான சுரங்களைப் பாடுகிறார்கள், பியானோ கூட இருந்தால் அதன் சமரச சுரங்கள் காதைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. தன் புகழ்பெற்ற நூலில் இதைப் பதிவு செய்தார். அந்த நூலை 1875இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அலெக்ஸாண்டர் எல்லிஸ். சுரங்களைக் காதால் பிரித்தறிய முடியாதவர் அவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. உலக இசை ஆய்வின் அடிக்கல் என்று சொல்லப்படும் 1885ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவரும் இவரே. அரைச் சுரத்தை நூறாகவும் ஸ்தாயியை 1200 ஆகவும் பங்கிட்டு, எந்த நாட்டின் இசையையும் ஒரே கோலால் அளக்க வழிசெய்தார். அளந்துவிட்டு அவர் சொன்ன முடிவு: இயற்கை தந்த ஒரே சுரவரிசை என்று எதுவுமில்லை, எல்லாம் மனிதர் செய்துகொண்டவை, பலவகைப்பட்டவை.

அப்படியானால் கேட்டது யார்? ஆல்ஃப்ரெட் ஹிப்கின்ஸ். பதினான்கு வயதில் பிராட்வுட் பியானோ கம்பெனியில் சுருதி சேர்க்கும் வேலைக்குப் போனவர். லண்டன் வந்த ராஜா ராம்பால் சிங்கின் சிதாரை அளந்தபோதும் இவருடைய காதுதான் எல்லிஸுக்குக் காது. கோட்பாடு கனவானுடையது, காது தொழிலாளியுடையது என்கிற உழைப்புப் பிரிவினை இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் கிடைப்பது அரிது. எல்லிஸின் நேர்மையையும் சொல்ல வேண்டும். ஹிப்கின்ஸின் பங்கை அவர் ஒளிக்கவில்லை.

எல்லிஸ் இன்னொரு காரியமும் செய்தார். பழைய சுருதிக் கவைகளையும் ஆர்கன் குழாய்களையும் அளந்து 1880இல் சுருதியின் வரலாற்றை எழுதினார். அதைப் படித்தால் 'சார்பற்ற சுருதி' என்ற பேச்சின் கீழேயிருந்து பாய் உருவப்படுகிறது. ஹேண்டலுடையது என்று கருதப்படும் 1751ஆம் வருஷத்துக் கவையில் 'ஏ' என்ற சுரத்துக்கு நொடிக்கு 422.5 அதிர்வுகள். பிரான்ஸ் 1859இல் சட்டம் போட்டு 435 என்று நிறுத்தியது. அதே நூற்றாண்டின் லண்டன் வாத்தியக் குழுக்கள் 452 வரை ஏற்றிவிட்டிருந்தன. 440 என்பது 1939இல் லண்டனில் கூடி முடிவு செய்தது. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் வேறாக இருந்த ஒன்றை அரசும் ரயிலும் வாத்தியத் தொழிற்சாலைகளும் ஒன்றாக்கின. தராசுக்கல்லும் கடிகார நேரமும் ஒன்றாக்கப்பட்ட அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது. அதன்பிறகே 'இன்ன ஒலி இன்ன சுரம்' என்று பிறவியிலேயே அறிந்தவன் என்ற ஆளுமை சாத்தியமாகிறது. பாரிஸ் சட்டத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் அடுத்த ஊரில் அவன் 'தவறாக' கேட்டிருப்பான்.

*

கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் அதன் முகம் மாறியது. கார்ல் ஷ்டும்ஃப் 1883இலும் 1890இலும் வெளியிட்ட தொனி உளவியல் நூல்களுக்குப் பின் சார்பற்ற சுருதியறிவு தனி ஆய்வுப்பொருளாயிற்று. அவருடைய மாணவர் மாக்ஸ் மேயர் 1899இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்: இந்த நினைவைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? தானும் ஒரு நண்பருமாகப் பயின்று பார்த்தார்கள். வளர்ந்தது. பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்; அதுவும் போய்விட்டது. எந்தத் திறமையும் பயிற்சியை விட்டால் மங்கும். இந்தத் திறமையில் மட்டும் மங்குவதைக் காட்டி 'பார்த்தீர்களா, அது உண்மையானதல்ல' என்று சொல்லும் வழக்கம் பின்னால் உண்டாயிற்று. மறந்துபோன மொழியைக் காட்டி அதை அவன் கற்கவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் கார்ல் ஸீஷோர் 1919இல் இசைத் திறமையை அளக்கும் சோதனைகளைக் கிராமபோன் தட்டில் பதித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஒலிகள், இரண்டாவது ஏறியதா, இறங்கியதா? இதைப் பயிற்சியால் அதிகம் மாற்ற முடியாது, இது பிறவி முதல் என்பது அவர் நிலைப்பாடு. கோடாக் முதலாளி ஈஸ்ட்மனின் பெயரிலுள்ள ராச்செஸ்டர் இசைப்பள்ளியில் மாணவர்களைத் தரம்பிரிக்க இது பயன்பட்டது. இனத் தூய்மை பேசிய யூஜெனிஸ்ட் டேவன்போர்ட், ஸ்டெகர்டாவோடு சேர்ந்து 1929இல் வெளியிட்ட ஜமைக்கா ஆய்வில் கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தார் என்று பிரித்து நிறுத்தி இதே தட்டுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார். கர்வெனின் சோதனை 'எவ்வளவு கற்றிருக்கிறாய்?' என்று கேட்டது. ஸீஷோரின் சோதனை 'நீ யார்?' என்று கேட்டது. எழுபது வருஷத்துக்குள் காது, கற்றுப் பெறுகிற ஒன்றிலிருந்து பிறந்து பெறுகிற ஒன்றாக மாறிப்போனது.

*

இங்கே நிறுத்தினால் ஸால்ஃபாவைப் புனிதப்படுத்தியதாகிவிடும். அது ஏகாதிபத்தியத்தின் கப்பலிலும் ஏறிற்று. மிஷனரிகள் மடகாஸ்கருக்கும் பசிபிக் தீவுகளுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். ஸுலு, ஸோஸா போன்ற மொழிகளில் சொல்லின் ஏற்ற இறக்கமே பொருளைத் தீர்மானிக்கும். ஒரே மெட்டில் எல்லாச் சரணங்களையும் அடைக்கிற ஆங்கிலத் துதிப்பாடல் அந்த ஏற்ற இறக்கத்தை மிதித்துக்கொண்டு போகிறது. மேற்கின் சுர ஒழுங்கே ஆப்பிரிக்காவில் ஒரு குடியேற்றச் சக்தியாக வேலை செய்தது என்று கானா நாட்டு ஆய்வாளர் கோஃபி அகாவு 2016இல் வாதிட்டார். அந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏழு படிகளின் 'மன விளைவு' மனித இயற்கை என்று கர்வென் நம்பினார். அது அவர் ஊர்க் கோயிலின் பழக்கம். எல்லிஸின் 1885ஆம் ஆண்டு முடிவை அவர் பார்க்கவில்லை. 1880இலேயே இறந்துவிட்டார்.

ஆனாலும் ஜோஹன்னஸ்பர்க் அருகே மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஈனோக் ஸொண்டோங்கா தன் பாடல்களை எழுதிவைத்தது ஸால்ஃபா எழுத்தில்தான். 1897இல் அப்படி எழுதிய 'நிகோஸி ஸிகெலேல் இஆஃப்ரிகா' 1912இல் புளூம்ஃபான்டீனில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தாய் அமைப்பு கூடியபோது பாடப்பட்டது. இன்றைய தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தில் அது ஒரு பகுதி. அதே எழுத்து அங்கே வேலியாகவும் இருந்தது. வாத்தியமும் ஐந்துகோட்டு எழுத்தும் வெள்ளையர் பள்ளிகளில், ஸால்ஃபா கறுப்பர் பாடகர் குழுக்களில் என்று பிரிந்துபோனது.

தமிழ்ப் புரொட்டஸ்டண்டுக் கோயில்களின் பாடகர் குழுக்களிலும் ஸால்ஃபா புழங்கியது. அங்கே ஒரு விசித்திரமான சூழல். மேற்கத்திய மெட்டில் ஞானப்பாட்டு, நம் ராகத்தில் கீர்த்தனை. இரண்டும் ஒரே ஆராதனையில். நகரும் 'டோ'வும் நகரும் 'ஸ'வும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. சர்ச்சில் பாடிப் பழகி, சுரம் பிடித்து எழுதத் தெரிந்து, சினிமா வாத்தியக் குழுக்கள் வரை வந்து சேர்ந்தவர்களின் கதையை நம் இசை வரலாறுகள் இன்னும் சரியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சபாக்களின் கதையே இசையின் கதை என்று எழுதிப் பழகிவிட்டோம்.

*

1970இல் பால் பிரேடி என்ற அமெரிக்கப் பொறியாளர் தன்னையே பரிசோதனைக்கு உட்படுத்திய ஒரு கட்டுரையை வெளியிட்டார். முப்பத்திரண்டு வயதில், பதிவு செய்த ஒலிகளைக் கொண்டு, ஒரே ஒரு சுரத்தை ஆதாரமாக மனதில் நிறுத்தும்படி பயின்றார். பிறகு 57 நாள் தினமும் காலையில் அவர் மனைவி பியானோவில் ஏதோ ஒரு கட்டையைத் தட்டுவார்; இவர் பெயர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரி, தவறியதும் ஏறக்குறைய எல்லாம் அரைச் சுரத்துக்குள். அவர் செய்தது கர்வெனின் காரியத்தையே தலைகீழாகத் திருப்பியது: ஒரே 'டோ'வை மனதில் ஆணியடித்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து கேட்டார். 'சார்பற்றது' என்று சொல்லப்பட்டதை அவர் சார்பின் வழியாகத்தான் அடைந்தார்.

2006இல் டயானா டாய்ச்சும் அவரோடு இருந்தவர்களும் பெய்ஜிங் இசைக் கல்லூரி மாணவர்களையும் ராச்செஸ்டரின் அதே ஈஸ்ட்மன் பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். சார்பற்ற சுருதியறிவு சீன மாணவர்களிடம் பல மடங்கு அதிகம். தாய்மொழியிலேயே ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் இருப்பதுதான் காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. 2013இல் வேறொரு குழு, வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயேட் மருந்தைச் சில இளைஞர்களுக்குச் சுமார் இரண்டு வாரம் கொடுத்துச் சுரங்களைக் கற்பித்தது. மருந்து எடுத்தபோது கொஞ்சம் கூடுதலாகச் சரி சொன்னார்கள். மிகச் சிறிய சோதனை. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. என்றாலும் பத்திரிகைகள் பாய்ந்தன. சிறுபிராயத்தில் மூடிக்கொண்ட கதவு, அதைத் திறக்க ஒரு மாத்திரை என்கிற கற்பனை அவ்வளவு வசீகரமாக இருக்கிறது. மாலை வகுப்புக்கு அந்த வசீகரம் கிடையாது; விற்பதற்கும் அதில் ஒன்றுமில்லை.

இந்த ஆய்வுகளுக்கு நடுவே 1994இல் டேனியல் லெவிட்டின் செய்த ஒன்று எளிமையானது. 46 கல்லூரி மாணவர்களிடம் தங்களுக்குப் பிடித்த ஜனரஞ்சகப் பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். இசைப் படிப்போ பிறவிச் செவியோ தேர்வுக்கான தகுதிகள் அல்ல. ஆதார ஒலியும் கொடுக்கவில்லை. ஏறக்குறைய நாலில் ஒருவர், முதல் முயற்சியிலேயே, இசைத்தட்டில் இருக்கிற அதே சுருதியில் பாடினார். அது என்ன சுரம் என்று கேட்டிருந்தால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்லத் தெரிந்திருக்காது.